இரண்டாவது பாட்டில் சிரப் வாங்க வருகிறவர்களுக்கு

பல்லடம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் மெடிக்கல். இருபத்து நான்கு வருடமாக அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கினால் முதல் பத்துப் பேரில் இரண்டு பேராவது, "இருமலுக்கு நல்லதா ஒரு சிரப் குடுங்" என்பார்கள். மார்கழி, தை வந்தால் நாலைந்து பேர்.

முதல் பாட்டில் வாங்குகிறவரைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை கொண்டு வந்த சளி அவருக்கும் ஒட்டியிருக்கும். சிரப் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அது பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். என் கண் போய் நிற்பது இரண்டாவது பாட்டிலுக்கு வருகிறவர் மேல்தான். "போன தடவை குடுத்தீங்களே, அந்தச் செவப்பு மருந்து" என்று காலி பாட்டிலையே கையோடு கொண்டு வருவார். அவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: "எந்தத் தேதியிலிருந்து இருமுறீங்க?"

யாருக்கும் தேதி தெரியாது. "கொஞ்ச நாளாத்தானுங்." அந்தக் கொஞ்ச நாளைத் தோண்டிப் பார்த்தால் ஆடிப்பெருக்குக்கு முன்னால் போய் நிற்கும். அதனால் பண்டிகையை வைத்துக் கேட்பேன். தீபாவளிக்குப் பலகாரம் தின்னும்போது இருமல் இருந்ததா? மாரியம்மன் நோம்பிக்கு இருந்ததா? இப்படிக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். இருமலுக்கு முதலில் பார்க்க வேண்டியது நாட்கணக்கு. சத்தமும் சளியின் நிறமும் அதற்குப் பின்னால்தான்.

நான் டாக்டர் இல்லை, டி.ஃபார்ம் படித்தவள். இன்ன நோய் என்று சொல்வது என் வேலை கிடையாது. எந்த இருமலை ஒரு சிரப்போடு வீட்டுக்கு அனுப்பலாம், எதை அனுப்பவே கூடாது என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. அதை நீங்களும் வீட்டிலேயே செய்யலாம்.

நாள் எண்ணாமல் கிளம்ப வேண்டியவை

சில இருமலுக்கு நாட்கணக்கு கிடையாது. ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேசி முடிக்க மூச்சு போதவில்லை, உதடோ நகமோ நீலம் பாய்ந்திருக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, ஆள் மந்தமாகிப் பேச்சு குழறுகிறது, இருமும்போது ஸ்பூன் கணக்கில் ரத்தம் வருகிறது. இதில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், மெடிக்கலுக்கு வராதீர்கள். சளியில் ஒரு நூல் போல ரத்தம் ஒட்டி வந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். ஸ்பூன் கணக்கில் வந்தால் ஆம்புலன்ஸ். படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்துகொண்டு, இளஞ்சிவப்பு நுரை போலத் துப்பினால் அது நுரையீரலில் நீர் கோத்ததாக இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீட்டு அலமாரியில் கிடக்கிறது. பேட்டரி மாற்றி, கையைச் சூடாகத் தேய்த்து, நெயில் பாலிஷோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, எண் ஒரு நிலைக்கு வரும் வரை அசையாமல் இருங்கள். ஏற்கெனவே நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 94-க்குக் கீழே காட்டினால் அன்றைக்கே டாக்டர். 90-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ போனால் உடனே ஆஸ்பத்திரி. எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால், ஆளை நம்புங்கள், மெஷினை விடுங்கள்.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமத் தொடங்கினால், அதற்கு முன் வாயில் என்ன இருந்தது என்று கேளுங்கள். எங்கள் பக்கம் நிலக்கடலை. அதற்கடுத்து புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை. புரையேறி, இருமி, பிறகு அடங்கிவிட்டால் போய்விட்டது என்று நினைப்போம். நிலக்கடலைப் பருப்பு மூச்சுக்குழாயின் உள்கிளைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாலும் இருமல் அடங்கிவிடும். பத்து நாள் கழித்து ஒரு பக்கம் மட்டும் சளி கட்டி, காய்ச்சலோடு வரும். புரையேறிய கதையை டாக்டரிடம் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

குழந்தை பலமாக இருமிக்கொண்டிருந்தால் இரும விடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள். சத்தமே வராமல், அழவும் முடியாமல் முழித்தால்தான் நீங்கள் இறங்க வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்டதை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழச் சாய்த்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. பெரிய பிள்ளைக்கும் முதுகில் ஐந்து தட்டு. அதற்கும் வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கை கோத்து உள்ளேயும் மேலேயும் இழுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் 108 அடிக்கட்டும்.

சட்டையைத் தூக்கிப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாத இரவு, கடை மூடுகிற நேரம். ஒரு அம்மாயி, பேத்தியை டவலில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "நெஞ்சுச் சளி கட்டிருச்சு அம்மிணி. பாலும் குடிக்க மாட்டேங்குது. சளியை இளக்கற மருந்து ஒண்ணு குடு." பிள்ளைக்கு ஏழு மாதம். காய்ச்சல் அதிகம் இல்லை, இருமலும் பெரிய சத்தம் இல்லை. அது அழவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது.

கவுண்டரில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தூக்கினேன். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். அறுபத்து நான்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் கடைசி விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்து குழிந்து வந்தது. ஆட்டோவை நிறுத்தி ஏற்றிவிட்டேன். நிமோனியா. நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்ததாக அம்மாயி பிறகு வந்து சொன்னார். அன்றைக்கு ஒரு சிரப்பைக் கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் யோசிப்பதில்லை, யோசிக்கப் பயம்.

அந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் மூச்சு ஓடினால் அது வேகமூச்சு. குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ எண்ண வேண்டும். அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு எண்ணினால் கணக்கு தப்பும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குகிற வேலையும் வேண்டாம், குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. வேகமூச்சு இருந்தால் அன்றைக்கே டாக்டர். விலா உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, மூச்சு இழுக்கும்போது கரகரவென்று ஒலி வந்தாலோ நேரே ஆஸ்பத்திரிதான். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு எந்த இருமலாக இருந்தாலும் வீட்டு வைத்தியம் கிடையாது.

கக்குவான் இருமலைப் பெரியவர்கள் சத்தத்தைக் கேட்டே கண்டுபிடிப்பார்கள். அடுக்கடுக்காக இருமி, கடைசியில் "ஹூப்" என்று மூச்சை இழுத்து, பிறகு வாந்தி. ஆனால் கைக்குழந்தைக்கு அந்த ஹூப் வராமலே போகலாம். முகம் நீலமாகி மூச்சு சற்று நின்று நின்று வரும், அதுதான் ஆபத்து. 6, 10, 14 வாரங்களில் போடுகிற ஊசியும், ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடுகிற பூஸ்டரும் இதற்கும் சேர்த்துத்தான். ஊரில் குலதெய்வப் பூஜை என்று தள்ளிப் போட்ட தடுப்பூசி அட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை

சாதாரண சளியோடு வந்த இருமல், காய்ச்சலும் மூக்கொழுகலும் போன பிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மஞ்சளாகச் சளி வந்தாலே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பதும் இல்லை. இது தெரியாமல் ஐந்தாம் நாளே "பவரான மாத்திரை" கேட்பார்கள்.

ஆனால் நம் நாட்டில் ஒரு தனிக் கணக்கு உண்டு. இரண்டு வாரம் இருமல் நின்றபாடில்லை என்றால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். மாலையில் லேசான காய்ச்சல், இரவில் சட்டை நனைகிற வியர்வை, எடை குறைவது, பசி இல்லாமை, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் இரண்டு வாரம் வரை கூடக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரம் இருமுகிறவருக்கெல்லாம் டி.பி. என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவர்களுக்கு இருக்காது. பரிசோதனைக்குக் காசு வாங்குவதில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளி எடுப்பார்கள். பிறகு செய்துகொள்வதற்கு என்ன?

"டி.பி.யா? எங்க குடும்பத்துல யாருக்கும் இல்லீங்களே" என்பார்கள். இது பரம்பரையாக வருகிற நோய் இல்லை, காற்றில் வருவது. சர்க்கரை இருப்பவருக்கு வாய்ப்பு அதிகம். சர்க்கரை இருக்கிறவருக்குக் காய்ச்சல் கூடத் தெரியாமல் வெறும் இருமலும் இளைப்புமாகப் போவதைக் கண்டிருக்கிறேன்.

என் கடைக்கு வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை வருவான் ஒரு பையன். ஒடிசாவிலிருந்து வந்து ஒரு நூல் மில் ஹாஸ்டலில் தங்கியிருந்தவன், இருபத்திரண்டு வயது இருக்கும். தமிழ் அரைகுறை. சிறிய பாட்டிலைக் கை காட்டுவான், காசு வைப்பான், போய்விடுவான். நான்காவது ஞாயிறன்று சில்லறை எடுக்க அவன் குனிந்தபோது பேண்ட்டை ஒரு கயிறு போட்டு இறுக்கியிருந்தது தெரிந்தது. அத்தனை வாரம் நான் அவன் கையை மட்டும்தான் பார்த்திருந்தேன். நானே நான்கு பாட்டில் விற்றிருக்கிறேன். அன்றைக்குத்தான், தேதி கேட்காமல் இரண்டாவது பாட்டில் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அவனுக்குச் சளியில் கிருமி இருந்தது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறான். அவன் அறையில் தங்கியிருந்த மற்றவர்களையும் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள்.

சளி கொடுக்கும்போது பலர் எச்சிலைத் துப்பிவிட்டு வருகிறார்கள். எச்சிலில் ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்ததும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து விட்டு, நெஞ்சு அதிர இருமி, அடியிலிருந்து வரும் கெட்டியான சளியை நேராகக் கப்பில் துப்ப வேண்டும். வீட்டுக்குள் வேண்டாம், மொட்டை மாடியிலோ வாசலிலோ நின்று எடுங்கள். மூடியை இறுக்கி, அன்றைக்கே கொண்டு போய்க் கொடுங்கள்.

நோய் இருந்தால் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும் மாதங்களில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. 2018-ல் 500 ரூபாயாகத் தொடங்கியதை 2024 நவம்பரில் ஏற்றினார்கள். மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது ரிஃபாம்பிசின் சாயம். பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாதத்தில் இருமல் போய் எடை ஏறும், அப்போதுதான் பலர் மாத்திரையை விடுகிறார்கள். அங்கேதான் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகிறது.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு டி.பி. என்றால் நோயாளிகளைத் தங்கவைத்து வைத்தியம் பார்த்த பெருந்துறை சானடோரியம்தான் நினைவுக்கு வரும், வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்திலும் பாதிப் பேரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. வீட்டில் நெருக்கடியில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமே வீட்டு சிகிச்சைக்கு மாறியது அதன் பிறகுதான். ஆகவே தட்டு, டம்ளரைத் தனியே வைப்பதில் பயன் இல்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது துணியால் மூடுங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

இன்னொன்று, இது எங்கள் தொழிலின் குற்றமும்கூட. சீட்டு இல்லாமல் லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளை வாங்கி இருமலுக்குப் போடுகிறார்கள். அவை காசநோய்க் கிருமியை அரைகுறையாக அடக்கிவைக்கும். இருமல் குறைந்தது போலத் தெரியும், பரிசோதனையில் சரியாகப் பிடிபடாது, மாதங்கள் வீணாகும்.

அப்பாவின் மாத்திரை

என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. பிரஷருக்கு எனாலாப்ரில் 5 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை. "தொண்டையில ஒரு மசுரு நிக்கிற மாதிரி இருக்குது கண்ணு" என்பார். பேசத் தொடங்கினால் இருமல், போன் எடுத்தால் இருமல், இரவில் இருமல். நான் மூன்று விதமான சிரப் கொடுத்தேன். மிட்டாய் கொடுத்தேன். எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருந்தது. ஐந்து மாதம் போயிற்று.

ஒரு நாள் அவருக்கு மாத மாத்திரைகளை டப்பாவில் போடும்போது ஸ்ட்ரிப்பின் பின்பக்கத்தைப் படித்தேன். படிக்கிற காலத்தில் பரீட்சைக்கு எழுதிய விடை அது: ஏ.சி.ஈ. தடுப்பான்கள் (எனாலாப்ரில் அந்த வகை பிரஷர் மாத்திரை), பக்க விளைவு வறட்டு இருமல். மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன், அப்பாவிடம் தோன்றவில்லை. டாக்டரிடம் சொன்னதும் சிரித்துவிட்டு டெல்மிசார்டனுக்கு மாற்றினார். மூன்றாவது வாரத்தில் இருமல் நின்றது. "மூணு பாட்டிலுக்கு காசைத் திருப்பிக் குடு" என்று அப்பா இன்னமும் கேட்கிறார்.

உங்கள் வீட்டில் பிரஷர், இதயம், சர்க்கரையோடு வந்த கிட்னித் தொந்தரவு என்று எதற்காவது மாத்திரை போடுகிறவருக்கு வறட்டு இருமல் இருந்தால், பிராண்ட் பெயரைப் பார்க்காதீர்கள். பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அது "ப்ரில்" என்று முடிந்தால், அதாவது எனாலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று இருந்தால், டாக்டரிடம் கேளுங்கள். எல்லோருக்கும் இருமல் வராது. சிலருக்கு முதல் வாரத்திலேயே வரும், சிலருக்குப் பல மாதம் கழித்து. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், பிரஷர் எகிறும். மாற்று மருந்து உண்டு. மாற்றிய பிறகும் முழுதாக அடங்க நான்கு வாரம் வரை, சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம்.

வீசிங் இருப்பவர்கள் கண் சொட்டு மருந்தையும் பாருங்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு, கண்ணில் போட்டாலும் உடம்பில் ஏறி மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் டாக்டரிடம் ஆஸ்துமா இருப்பதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

பஞ்சு, புகை, ராத்திரி

எங்கள் ஊரைச் சுற்றி நூல் மில்லும் விசைத்தறியும் கோழிப்பண்ணையும். அதனால் நான் கேட்கிற அடுத்த கேள்வி: "லீவு நாள்ல எப்படி இருக்குது?" மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற ப்ளோரூம், கார்டிங் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குப் பஞ்சுத்தூசியால் வரும் ஒரு நோய் உண்டு. ஞாயிறு லீவு போட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சை இறுக்கும், இருமும். செவ்வாய், புதன் என்று குறையும். அதனால் "லீவு போட்டா உடம்பு கெட்டுருது" என்று தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். வருடக்கணக்கில் போனால் எல்லா நாளும் இறுக்கம்தான், அப்புறம் திரும்பாது. திங்கட்கிழமை மட்டும் இறுக்கம் என்கிற கட்டத்திலேயே டாக்டரிடம் போய், எந்தப் பிரிவில் எத்தனை வருடம் வேலை என்று சொல்லுங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் இது தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கோழிப்பண்ணைத் தூசிக்கும், மாடியில் புறா அடைகிற வீட்டுக்கும் இதே லீவு நாள் கேள்விதான்.

நடுராத்திரி இரண்டு மணியிலிருந்து விடிவதற்குள் எழுப்பிவிடுகிற இருமல், சிரித்தாலோ ஓடினாலோ பனியில் வண்டி ஓட்டினாலோ வருகிற இருமல், கூடவே நெஞ்சில் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒலி என்றால் ஆஸ்துமாவை நினைக்க வேண்டும். சிலருக்கு ஒலியே இருக்காது, இருமல் மட்டும்தான். இன்ஹேலர் எழுதினால், "பழக்கமாயிரும்" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சிரப் கேட்கிறார்கள். சிரப் வயிற்றில் போய், ரத்தத்தில் கலந்து, பிறகு நுரையீரலுக்கு வர வேண்டும். இன்ஹேலர் மிகக் குறைந்த அளவில் நேராகப் போகிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் அடித்தால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், போதும்.

படுத்ததும் வரும் இருமலுக்கு இரண்டு பாதை. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் இருந்தால் வயிற்று அமிலம் மேலே வருவது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள், தலைமாட்டுக் கட்டில் காலுக்குச் செங்கல் வையுங்கள், பல வாரம் பொறுமை வேண்டும். மற்றொன்று இதயம். போன மாதம் ஒரு தலையணை, இந்த மாதம் மூன்று தலையணை என்றால் அதைச் சொல்லுங்கள். கணுக்காலுக்கு மேலே முன் எலும்பில் பெருவிரலை வைத்து ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். குழி அப்படியே நின்றால் இருமல் டாக்டரைத் தேடாமல் இதயத்தைக் காட்டுங்கள்.

மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்குகிற சளி, செருமிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் தொந்தரவு, ஆபத்து குறைவு. பீடி, சிகரெட்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வழக்கமான காலை இருமல் மாறினாலோ, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கரகரத்துப் போயிருந்தாலோ, எடை இறங்கினாலோ உடனே எக்ஸ்ரே. பீடியைத் தொடாத பெண்கள் விறகடுப்புப் புகையில் முப்பது வருடம் ஊதியிருப்பார்கள். அவர்கள் நுரையீரலும் புகைத்தவர்கள் நுரையீரல் மாதிரியே ஆகியிருக்கும். டாக்டர் "சிகரெட் பழக்கம் உண்டா" என்று அவர்களிடம் கேட்க மாட்டார், அடுப்பைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தச் சிவப்பு மருந்து

சிரப் என்பது ஒரே பொருள் அல்ல. வறட்டு இருமலை அடக்குகிறது டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், சளியை இளக்குகிறது அம்ப்ராக்சால், குவைஃபெனசின். சளி உள்ளவர் அடக்குகிற மருந்தைக் குடித்தால் சளி உள்ளேயே தங்கும். குளோர்ஃபெனிரமின் இருந்தால் தூக்கம் வரும், குடித்துவிட்டு லாரி ஓட்டக் கூடாது. சல்பூட்டமால், டெர்பூட்டலின் கலந்ததில் கை நடுங்கும், படபடக்கும். ஃபினைலெஃப்ரின் பிரஷரை ஏற்றும். சர்க்கரைக்காரர்கள் சுகர் ஃப்ரீ என்று கேட்டு வாங்க வேண்டும். மேசைக்கரண்டி, டீ ஸ்பூன் கணக்கு வேண்டாம், மூடியில் கோடு போட்டிருக்கும்.

2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட சிறு பிள்ளைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பரிசோதித்ததில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம். அந்த வாரம் கடையில் தாய்மார்களுக்குப் பதில் சொல்லி எனக்கே தொண்டை கட்டிவிட்டது. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை சொன்னதை நான் பல வருடமாகவே சொல்லி வருகிறேன்: இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயதுக்குள்ளும் பொதுவாகத் தேவையில்லை. பெரியவர் பாட்டிலில் பாதி அளவு ஊற்றிக் கொடுப்பது அதைவிட மோசம்.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தூங்கும் முன் அரை டீஸ்பூன் தேன் நல்ல மருந்து. ஒரு வயதுக்கு முன் தேன் நாக்கில் தடவக்கூட வேண்டாம், பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம். பெரியவர்களுக்குச் சுக்கு, மிளகு, திப்பிலி, பனங்கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதம்தான், நானும் குடிக்கிறேன். வேலியோரம் கிடக்கிற ஆடாதோடையை நான் மட்டமாகப் பேச மாட்டேன். அதிலுள்ள வாசிசினை மாதிரியாக வைத்துத்தான் புரோம்ஹெக்சினை உருவாக்கினார்கள், அதன் வழியில் வந்ததுதான் அம்ப்ராக்சால். அதாவது உங்கள் ஆத்தாவின் கஷாயத்துக்குச் சொந்தக்காரன் என் ரேக்கில் இருக்கிறான். ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை ஆகாது, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும். குழந்தைகளுக்குக் கொதிநீர் ஆவியும் வேண்டாம், ஆவியால் கிடைக்கிற நன்மையைவிடப் பாத்திரம் கவிழ்ந்து வெந்து போனவர்கள் அதிகம்.

டாக்டரிடம் போகும்போது

ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். அதனால் இரண்டாவது பாட்டிலுக்கு வருகிறவர்களுக்கு நான் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்து அனுப்புகிறேன். போன வாரம் ஒரு விசைத்தறிக்காரர் மனைவிக்கு எழுதியது இது:

"இருமல் ஆரம்பம்: புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமைக்கு அடுத்த நாள். இன்றோடு 26 நாள். சளி: காலையில் மட்டும், வெள்ளை. ரத்தம் இல்லை. சாயங்காலக் காய்ச்சல்: பார்த்ததில்லை (தெர்மாமீட்டர் கொடுத்திருக்கிறேன்). எடை: ரவிக்கை லூசாகிவிட்டது என்கிறார். சர்க்கரை: 6 வருடம். மாத்திரை: மெட்ஃபார்மின், ராமிப்ரில். விறகடுப்பு: கல்யாணம் ஆகி 11 வருடம், இப்போது கேஸ். வீட்டில் இருமுபவர்: மாமனார். இதுவரை குடித்தது: சிரப் 2 பாட்டில், என் கடையில் 1. சளிப் பரிசோதனை செய்யவில்லை."

மாமனாரையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.